பொட்டு வைத்த நாற்பத்தெட்டு

நான் முன்கோபக்காரி. வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எழுபத்தொன்பதாம் வருஷத்து மழைக்காலத்தில் நடந்ததைக் கேட்கிற யாரும், தப்பு சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி பேரில்தான் என்பார்கள். நான் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அப்போது நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் தற்காலிக ஆசிரியை. மார்ச் முடிவதற்குள் எம்.ஃபில். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் வேலை நிரந்தரம். கொடுக்காவிட்டால் ஜூன் மாதம் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட விஷயம், தண்ணீர் மேல் நடக்கிற பூச்சி. வீட்டில் அம்மா இதை யாரிடமும் சொல்வதில்லை. "ஸ்டெல்லாமேரி என்னமோ எழுதிக்கிட்டு இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

எனக்கு வழிகாட்டி பேராசிரியர் இஸ்ரவேல். கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாரென்றால் கறாராக எதையோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம். அன்றைக்கும் கழற்றி வைத்தார்.

"வத்தாத ஆத்துல இருக்கிற பூச்சியைப் பத்தி நிறையப் பேரு எழுதியாச்சும்மா. உன் கரிசக்காட்டு ஓடை ரெண்டு மாசம் ஓடும், பத்து மாசம் வெடிச்சுக் கிடக்கும். அந்த ரெண்டு மாசம் அது ஓட்டத்துல எப்படி நிக்குதுன்னு எழுது, நல்லதுதான். ஆனா ஓடை வத்தினா அது எங்க போகுது? அதுக்குப் பதில் இல்லாம என்கிட்ட கொண்டுவராதே."

நாகலாபுரம் போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் ஓர் ஓடைப்பாலத்தில் இறங்கிக்கொள்வேன். அங்கிருந்து பருத்திக்காட்டு வரப்போடு அரை மைல் நடக்க வேண்டும். மழை பெய்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், அந்த மண் செருப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நாலு எட்டு வைத்தால் ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டியிருக்கும். இரண்டாவது நாளே செருப்பைப் பைக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பூச்சியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள், உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. ஒல்லியான கறுப்பு உடம்பு, ஆறு கால். முன்கால் இரண்டும் இரையைப் பிடிக்க, நடுக்கால் இரண்டும் துடுப்புப் போட, பின்கால் இரண்டும் திசை திருப்ப. காலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மயிர். அதில் தண்ணீர் ஒட்டாது. பாதத்தின் கீழ் தண்ணீர் குழியுமே தவிரக் கிழியாது. குளத்தில் இருக்கிற பூச்சி சும்மா நிற்கலாம். ஓடையில் இருக்கிறதற்கு நிற்பதே ஒரு வேலை. தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு ஓர் உதை. அரை முழம் முன்னே போகும். தண்ணீர் அதைப் பின்னே இழுத்துவரும். பழைய இடத்துக்கு வந்ததும் மறு உதை. பகல் பூராவும் இப்படித்தான். தண்ணீரில் மிதந்து வருகிற எறும்போ ஈயோ வாய்க்கு நேரே வரும் என்பதற்காக இந்தப் பாடு. சின்னக் குஞ்சுகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அவை கோரைப்புல் ஓரத்திலும் கல்லுக்குப் பின்னாலும் ஓட்டம் செத்த இடமாகப் பார்த்து ஒண்டிக்கொள்ளும். மழை பெய்து ஓட்டம் கூடினால் பெரியவையும் அங்கேதான் வந்து சேரும்.

கல்லூரியிலிருந்து வாங்கிவந்த ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை உதை என்று எண்ணி நோட்டில் எழுதுவேன். கயிறு கட்டி அளந்த ஒரு சதுரத்துக்குள் எத்தனை பூச்சி என்றும் எண்ணுவேன். கார்த்திகை மாதம் முழுக்க நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

ஓடையை ஒட்டிய காடு சங்கிலிப்பாண்டி அண்ணாச்சிக்குச் சொந்தம். நாலு ஏக்கர் பருத்தி, அதற்கு மேற்கே படி வைத்த ஒரு பழைய இறங்குகிணறு. ஐம்பது வயசிருக்கும். பேச்சு குறைவு. அவர் மனைவி வெயிலுகந்தம்மாள் அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். முதல் நாள் என்னைச் சகதியில் பார்த்ததும் அக்கா கேட்டது, "ஏந்தாயி, ஒங்களத் தனியாவா அனுப்பிட்டாவ?" என்றுதான். யார் அனுப்பியதாக நினைத்தாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கிணற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் போன நாளெல்லாம் அந்தத் தண்ணீர் எனக்காகக் காத்திருக்கும்.

ஒருநாள் அவர்கள் இரண்டு பேரையும் வேலை வாங்கினேன். அண்ணாச்சியின் கட்டம் போட்ட துண்டைக் கரையோரமாக விரித்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓட்டம் போகிற பக்கம் மெதுவாக நடக்கச் சொன்னேன். அதுவரைக்கும் ஒரே இடத்தில் உதைத்து நின்ற பூச்சி, துண்டோடு சேர்ந்து கீழே நழுவியது. துண்டு நின்றதும் அதுவும் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா! கரையில இருக்கிற அடையாளத்தக் கண்ணால பாத்துத்தான் அது தன் இடத்துல நிக்குது. கரை நகந்தா அதுவும் நகந்துடும்."

"பாவம், ஏமாந்துட்டு" என்றாள் அக்கா. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எத்தனை இருக்கு தாயி?" என்று கேட்டார்.

அதைத்தான் அவர் எப்போதும் கேட்பார். நானும் சொல்வேன். நாற்பது, அறுபத்தைந்து, எண்பது. அன்றைக்கு நோட்டைப் பார்த்து, "நூத்திப் பத்து அண்ணாச்சி!" என்றேன்.

"அளவு தாண்டிட்டோ?"

"எப்பவோ தாண்டிட்டு!" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஓடையையும் என் சகதிக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் உதை எண்ணப் போய்விட்டேன்.

மார்கழி நடுவில் ஓட்டம் மெலிந்தது. ஓடை அறுந்து, அண்ணாச்சி காட்டை ஒட்டிய ஒரு பெரிய பள்ளக் கிடங்கில் மட்டும் தண்ணீர் நின்றது. இஸ்ரவேல் சாரின் கேள்விக்குப் பதில் தேடுகிற நேரம் வந்துவிட்டது. கோவில்பட்டி பஜாரில் ஒரு குப்பி சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன். என் நகத்துக்கு நான் ஒருநாளும் அதைப் போட்டதில்லை. பூச்சியை வலையில் பிடித்து, சிறகில் பட்டுவிடாமல் கழுத்துக்குப் பின்னால் குண்டூசி முனையால் ஒரு புள்ளி, எங்கே போனாலும் அடையாளம் தெரிய. அக்கா என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தாள்.

"பூச்சிக்குப் பொட்டு வைக்கீங்களா தாயி! வேற யாருக்குக் கெடைக்கும் இந்தச் சீரு!"

பிடித்த பூச்சிகளை ஈரப் புல் போட்ட தகர டப்பாவில் வைத்திருந்தேன். தண்ணீரில் வைக்கக் கூடாதா என்று கேட்டாள். தண்ணீரில் போட்டுக் கொண்டுபோனால் அலசலில் நனைந்து செத்துப்போகும், ஈரம் மட்டும் இருந்தால் போதும் என்றேன். அந்த மழைக்காலம் முழுவதிலும் நான் அவளுக்கு ஒழுங்காக விளக்கிச் சொன்னது அது ஒன்றுதான். மாலைக்குள் நாற்பத்தெட்டுக்குப் பொட்டு வைத்து, மறுபடியும் கிடங்கிலேயே விட்டேன்.

மறுநாள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு தொடங்கிவிட்டது. எனக்கு லீவு தரவில்லை. ஒன்பது நாள் தவளையும் கரப்பானும் அறுக்கிற பிள்ளைகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

கிடங்கைச் சுற்றி உடைமுள் வெட்டிப் போட்டிருந்தது. தூரத்திலேயே அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பருத்திக்காட்டுப் பக்கம் வளர்ந்தவளுக்கு அது பூச்சிமருந்து என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் அரிசி கழுவினது மாதிரி வெளுத்திருந்தது. அதன் மேல் ஒரு பூச்சிகூட நிற்கவில்லை. ஓரமெல்லாம் செத்து ஒதுங்கிக் கிடந்தன. பிறந்ததிலிருந்து நனையாத கால்கள் நனைந்து, கோணலும் மாணலுமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

அண்ணாச்சி வரப்பில் வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"நேத்துதான் தாயி அடிச்சேன். ஒண்ணு மிச்சமில்ல. ஆடு மாடு வாய் வச்சிரக் கூடாதுன்னு முள்ளுப் போட்டுட்டேன். இனிமே நீங்க இந்தச் சகதியில கெடந்து சீரழிய வேண்டாம்."

நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அறிவிருக்கா என்றேன். யாரைக் கேட்டு அடித்தீர்கள் என்றேன். என் வேலை போச்சு, என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்றேன். என்னைவிட இருபத்தைந்து வயசு பெரியவர். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார். எதுவும் புரியாமல் நின்றார் என்பதுதான் கொடுமை.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். அண்ணாச்சி அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி, நான் தப்பா என்ன செஞ்சேன்? பருத்தி ஆபீசர் வந்தா இருவது செடியப் பாத்துப் புழுவ எண்ணுவாரு, நோட்டுல எழுதுவாரு. அளவு தாண்டிட்டுன்னா நாளைக்கே மருந்து அடிங்கம்பாரு. தாயியும் எண்ணி எண்ணி எழுதுச்சு. அளவு தாண்டிட்டுன்னு அது வாயாலயே சொல்லிச்சு. செவப்பு அடையாளமும் வச்சுது. ஆபீசுல மருந்து குடுக்காம இந்தப் பொம்பளப்பிள்ளைய அலைய விடுதானுவளேன்னுதான்…"

பாதியில் நிறுத்திவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார்.

கரிசல்காட்டில் நோட்டும் பென்சிலுமாக வந்து பூச்சியை எண்ணுகிற ஆள் ஒருவன்தான். அவன் எண்ணி முடித்தால் அடுத்தது மருந்து. இரண்டு மாதமாக நான் அந்த ஆளாகத்தான் அவர் கண்ணில் இருந்திருக்கிறேன். துண்டு பிடிக்கச் சொன்னேன், தண்ணீர் வாங்கிக் குடித்தேன், எதற்கு எண்ணுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இவர்களுக்கு என்ன புரியப் போகிறது என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "அவியள ஏசாதீங்க தாயி. எங்க பருத்தி காய் பிடிக்கையில அடிக்கணும்னு வச்சிருந்த மருந்து. அந்த ஒரு குப்பிதான் இருந்திச்சு. நான் வேண்டாம்னு சொன்னேன். 'அது நம்மள நம்பி வந்த பிள்ளை'ன்னாவ."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு குச்சியை வைத்துச் செத்த பூச்சிகளை ஒதுக்கி, சிவப்புப் பொட்டு இருந்ததை எல்லாம் எடுத்து டப்பாவில் போட்டேன். முப்பத்தொன்று இருந்தன. மிச்சம் சேற்றில் அமுங்கியிருக்கும் என்று நினைத்தேன். அண்ணாச்சியைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் பஸ் ஏறினேன். அப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதலில் கோபம் காரணம், பிறகு வெட்கம்.

தை மாதம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். உதைக் கணக்கு இருந்தது, துண்டு வைத்துச் செய்த சோதனை இருந்தது. கடைசி அத்தியாயம் இல்லை. இஸ்ரவேல் சார் மேலாகப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்கே. ஆனா கேள்வி அப்படியே இருக்கே?"

"மருந்து அடிச்சுட்டாங்க சார்."

"தெரியும்மா. யுனிவர்சிட்டிக்கு அதைப் பதிலா எழுத முடியுமா?"

மாசி மாதம் ஒரு நாள் மத்தியானம் ஆய்வகத்தில் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெயிலுகந்தம்மாள் அக்கா நின்றாள். வெயிலில் வந்த முகம், நல்ல சேலை, கையில் மூடி போட்ட ஓலைக்கொட்டான். உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றவளை நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"கெணத்துல தண்ணி எறங்கிட்டு தாயி. நேத்துப் படியில இறங்கி மொள்ளப் போனேன். நெழலடிச்ச மூலையில ஒங்க பூச்சி நிக்கி. என்னமோ ஒண்ணுன்னு விட்டுட்டுத்தான் வரப் பாத்தேன். ஒண்ணு திரும்புச்சு பாருங்க, முதுகுல பொட்டு!"

சிறகு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் ஒன்றுகூடப் பறந்து பார்த்ததில்லை. நான் பொட்டு வைத்துவிட்டுப் போன பிறகு, மருந்து விழுவதற்கு முன்பே, அவை கிளம்பியிருக்கின்றன. நாலு ஏக்கர் பருத்தியைத் தாண்டி, தண்ணீர் இருக்கிற கிணற்றைக் கண்டுபிடித்து இறங்கியிருக்கின்றன. வாரா வாரம் நான் குடித்த தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அங்கே ஒருதரம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று படித்த எனக்குத் தோன்றவில்லை.

"முந்தானைய விரிச்சுத்தான் பிடிச்சேன். தண்ணியில கொண்டுபோனாச் செத்துரும்னு நீங்க சொன்னீங்கல்லா?" என்று கொட்டானை என் முன்னால் தள்ளினாள்.

மூடியைத் திறந்தேன். உள்ளே நனைத்த பருத்தி வைத்திருந்தது. மஞ்சள் கறை ஏறி, புழு வெட்டி, பாதி கொட்டையோடு கட்டிதட்டிப் போன பருத்தி. அதன் மேல் பூச்சிகள் கால் பரப்பி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் என் சிவப்புப் பொட்டு.

நான் பூச்சியைப் பார்க்கவில்லை, பருத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"நம்ம காட்டுப் பருத்திதான் தாயி. இந்த வருசம் பூராவும் இப்படித்தான். நூலுக்கு ஆகாது. ஈரம் தாங்கும்லா, அதான் வச்சேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள். அந்தப் பருத்திக்கு வைத்திருந்த ஒரு குப்பி மருந்து என் கிடங்கில் போயிருந்தது. "அக்கா, அண்ணாச்சி என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்லுவாவ? அதுக்கப்புறம் ஓடைப் பக்கமே போவ மாட்டேன்னுட்டாவ. பூச்சி உயிரோட இருக்குன்னு நான் சொன்னதும் நம்பல. 'நீ கொண்டுபோய்க் காட்டு. நான் வந்தாத் தாயிக்குக் கோவம் வரும்'னாவ."

எண்ணினேன். ஆறு இருந்தன. மூடியைப் போட்டு, அரைநாள் லீவு எழுதிவைத்துவிட்டு, அக்காவோடு அதே நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினேன். கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு, கார்த்திகையில் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஓடையில் நிற்பதற்கு அது படுகிற பாடு, ஓடை போனால் அது போக வேண்டிய இடம், அதைக் கண்டுபிடித்தால் எனக்குக் கிடைக்கப் போவது, எல்லாவற்றையும். அக்கா எல்லாம் கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க காவலுக்குல்லா இருந்திருப்போம்" என்றாள்.

அண்ணாச்சி கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்தார்.

"அண்ணாச்சி, நான் பேசினது தப்பு. நீங்க எனக்கு நல்லதுதான் நினைச்சீங்க. நான்தான் எதையும் சொல்லலை. மன்னிச்சுக்கிடுங்க."

"அய்ய, விடுங்க தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"எனக்குக் கீழே சரியாத் தெரியல. பொட்டு வச்சது இன்னும் எத்தனை இருக்குன்னு நீங்க எண்ணிச் சொல்லுங்க."

அவர் நோட்டை வாங்கிக்கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். கடைசிப் படியில் குத்தவைத்து உட்கார்ந்தார். தண்ணீரில் நிழல் விழாதபடி ஒதுங்கி, கையை நீட்டாமல், விரலை மட்டும் மடக்கி மடக்கி வெகுநேரம் எண்ணினார். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்று போக, கொட்டானில் ஆறு போக, பதினொன்று கணக்கில் வர வேண்டும். நான் மேலே நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒம்பது" என்றார்.

அந்த இரண்டும் எங்கே போயின என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்போது அதைப் பற்றி நினைக்கவும் இல்லை. அண்ணாச்சி அண்ணாந்து என்னைப் பார்த்தார். முன்பு நான் நூற்றுப்பத்து என்று சொன்னபோது இருந்த அதே கவலை அவர் முகத்தில் இருந்தது.

"கொறைச்சலால்லா இருக்கு தாயி" என்றார். "போதுமா?"